அவள் சொன்னதாக அவர்கள் சொன்னது

1929. லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீயில் ஒரு படப்பிடிப்புத் தளம். கேமராவுக்கு முன்னால் இரண்டு பேர் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் இன்னும் முப்பது வயதாகாத, உடல் பெருத்த இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். மற்றவர் அவருடைய கதாநாயகி அன்னி ஓண்ட்ரா. ஊமைப்படமாகத் தொடங்கிய ‘பிளாக்மெயில்’ நடுவழியில் பேசும்படமாக மாறிக்கொண்டிருந்தது. ஓண்ட்ராவின் குரலை ஒலிவாங்கி எப்படிப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக எடுத்த சோதனைத் துண்டு இது. ஒரு நிமிடம்கூட ஓடாது.

நல்ல பெண்ணாக நடந்துகொண்டாயா என்று ஹிட்ச்காக் கேட்கிறார். பிறகு, ஆண்களோடு படுத்திருக்கிறாயா என்று கேட்கிறார். ஓண்ட்ரா திடுக்கிட்டு மறுக்கிறார். இப்படி வெட்கப்பட வைக்கிறீர்களே என்கிறார். அப்போது ஹிட்ச்காக் முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் சொல்கிறார்: “இங்கே வந்து உன் இடத்தில் அசையாமல் நில். இல்லாவிட்டால் சரியாக வராது, படைவீரனிடம் அந்தப் பெண் சொன்னதைப் போல.” ஓண்ட்ரா சிரிப்புத் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆங்கிலத்தில் இந்தத் தொடரின் பெயர்பெற்ற வடிவம் சற்று வேறு: “பிஷப்பிடம் நடிகை சொன்னதைப் போல.” பயணத்துக்குப் பெட்டி கட்டுகிற ஒருவர், துணியைத் திணித்துக்கொண்டே, கள்ளமில்லாமல் ‘இது உள்ளே போகாது போலிருக்கிறதே’ என்பார். பக்கத்தில் இருப்பவர் இந்த வாலை ஒட்டிவிடுவார். அவ்வளவுதான், பெட்டி போய்க் கட்டில் வந்துவிடும். அட்லாண்டிக்குக்கு அப்பால் இதற்கு இன்னும் குட்டையான உருவம் உண்டு: “அவள் அப்படித்தான் சொன்னாள்.” இந்த இரண்டு உருவங்களும் எப்படி வந்தன, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வரும் வழியில் எவை உதிர்ந்துபோயின, சிரிப்பு யாரிடமிருந்து யார் மேல் திரும்பியது என்பதே இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வழக்கு.

முதல் சாட்சியான அந்தச் சோதனைத் துண்டையே இன்னொரு முறை பார்த்துவிடுவோம். ஹிட்ச்காக் எதையும் விளக்கவில்லை. ஓண்ட்ராவுக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை, செக் மொழிக்காரர். அவருக்கே சட்டென்று புரிந்துவிடுகிறது. அப்படியென்றால் 1929இல் இது புதுச்சரக்கு இல்லை. நன்றாகப் புழங்கித் தேய்ந்த நாணயம். இரண்டாவதாக, இங்கே நடிகையும் இல்லை, பிஷப்பும் இல்லை. பெண்ணும் படைவீரனும் இருக்கிறார்கள். ஆட்களை மாற்றிக்கொள்ள இடம் விட்டுத்தான் இந்த அச்சு வார்க்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது எனக்கு உறுத்தலானது. சொல்பவர் முதலாளியின் இடத்தில் இருக்கிறார். கேட்பவர் அவரிடம் வேலை செய்கிறவர். கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சிரிப்பில் எவ்வளவு வேடிக்கை, எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்துச் சொல்வது கடினம். இந்த மூன்றாவது விஷயம் பின்னால் திரும்ப வரும்.

பிறந்த தேதி

கொச்சைச் சொற்களையும் வழக்குத் தொடர்களையும் வாழ்நாள் முழுக்கச் சேகரித்தவர் எரிக் பார்ட்ரிட்ஜ். நியூசிலாந்தில் பிறந்து, முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையில் போரிட்டு, இரண்டாம் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். சிப்பாய்கள் பேசுவதைக் காதால் கேட்டு எழுதிய அகராதிக்காரர் என்பதால் இந்த வகைத் தொடர்களில் அவர் சொல்லுக்கு எடை உண்டு. 1977இல் வெளிவந்த தம் வழக்குத்தொடர் அகராதியில், இரண்டாம் உலகப் போரின் முடிவில் விமானப்படையினர் இதைப் பயன்படுத்தியது உறுதி என்றும், தொடர் எட்வர்ட் மன்னர் காலத்திலேயே, அதாவது 1901க்கும் 1910க்கும் இடையிலேயே பிறந்திருக்கலாம் என்றும் எழுதினார்.

அச்சில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லெஸ்லி சார்ட்டரிஸ். சீனத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1907இல் சிங்கப்பூரில் பிறந்தவர். 1928இல் அவர் படைத்த சைமன் டெம்ப்ளர் என்ற சாகசக்காரன், துப்பாக்கி முனையில் நிற்கும்போதும் இந்தத் தொடரை உதிர்ப்பான். ஆபத்தைப் பொருட்படுத்தாத மனிதன் என்று காட்ட அது ஒரு வழி. அச்சுக்கு வந்த பிறகும் தொடர் ஆபாசமாகக் கருதப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கருத முடியாது. அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. ஒரு நடிகை, ஒரு பிஷப், ‘சொன்னாள்’ என்ற வினை. இதில் எதை வெட்டுவது?

ரோஜா முள்

தொடர் எப்படிப் பிறந்தது என்று கேட்டால் ஆங்கிலேயர்கள் ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை. அதனாலேயே சந்தேகப்பட வேண்டிய கதை.

ஒரு பிரபுவின் கிராமத்து மாளிகையில் வார இறுதி விருந்து. விருந்தினர்களில் நடிகை லில்லி லேங்ட்ரியும் வூஸ்டர் நகரத்து பிஷப்பும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ரோஜாத் தோட்டத்தில் உலவுகிறார்கள். பிஷப்பின் கட்டைவிரலில் முள் குத்திவிடுகிறது. மதிய உணவின்போது நடிகை அக்கறையோடு கேட்கிறார், அந்தக் குத்து இப்போது எப்படி இருக்கிறது என்று. ஆங்கிலத்தில் முள் குத்தியதற்கும் ஆணுறுப்பைக் குறிக்கும் கொச்சைக்கும் ஒரே சொல். “விண்விண்ணென்று தெறிக்கிறது” என்கிறார் பிஷப். உருளைக்கிழங்குத் தட்டோடு நின்ற பணியாளர் தட்டைக் கீழே போட்டுவிடுகிறார்.

லேங்ட்ரி உண்மையில் வாழ்ந்தவர். 1853இல் ஜெர்சி தீவில் பிறந்தவர்; பின்னால் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய இளவரசரின் காதலி என்று ஊரே அறிந்தவர்; 1881இல் மேடையேறியவர். அவருடைய தந்தை ஜெர்சித் திருச்சபையின் தலைமைக் குரு என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. பாதிரிமார்களோடு உணவு மேசையில் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் கற்றுத்தந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் கதைக்கு அவர் காலத்துச் சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை கதைக்குள்ளேயே இருக்கிறது. இந்தத் தொடரின்படி, வெடிக்கும் வாக்கியத்தைச் சொல்ல வேண்டியவள் நடிகை. கதையிலோ சிரிப்பு வெடிப்பது பிஷப்பின் பதிலில். நடிகை சொன்னது வெறும் நலவிசாரிப்பு. உண்மையிலேயே இந்தச் சம்பவத்திலிருந்து தொடர் பிறந்திருந்தால் அது ‘நடிகையிடம் பிஷப் சொன்னதைப் போல’ என்றுதான் முதலில் பிறந்திருக்கும். அந்தத் தலைகீழ் வடிவமும் புழக்கத்தில் உண்டு; ஆனால் அது கிளை, வேர் இல்லை. தட்டைப் போட்ட பணியாளரும் கொஞ்சம் வசதியாகவே அமைந்துவிட்டார். எந்தக் கதைக்கும் ஒரு சாட்சி வேண்டும்; இங்கே சாட்சி தட்டு.

என் முடிவு: தொடரிலிருந்துதான் கதை பிறந்திருக்கிறது. ஊர்ப்பெயருக்குத் தலபுராணம் எழுதுவது நமக்குப் பழக்கமான வேலை. ஊர் முதலில் இருக்கும். பெயர்க் காரணம் பிறகு வரும். இதுவும் அப்படித்தான்.

பசுவை முத்தமிட்டவன்

கதையை ஒதுக்கிவிட்டால், தொடரின் உண்மையான மூதாதை யார்? ஆள் இல்லை, ஒரு வாக்கிய அச்சு.

ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பில் இப்படி ஒன்று வருகிறது: ‘அவரவர்க்குப் பிடித்தது அவரவர்க்கு, என்றானாம் ஒருவன் தன் பசுவை முத்தமிட்டபோது.’ ஒரு பொதுவான கூற்று, அதைச் சொன்ன ஆள், சொன்ன சந்தர்ப்பம். கூற்று தனியாக நின்றால் நீதிமொழி. ஆளும் சந்தர்ப்பமும் சேர்ந்ததும் அது கவிழ்ந்துவிடுகிறது. 1836இல் சார்லஸ் டிக்கன்ஸ் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடர்கதையை எழுதத் தொடங்கி, சாம் வெல்லர் என்ற வேலைக்காரன் வாயில் இந்த அச்சைக் கொடுத்தார். ‘சட்டென்று வெளியே விடு, என்றாராம் காசை விழுங்கிய பிள்ளையிடம் அப்பன்’ என்பது அவன் பாணி. நாவல் ஓடிய ஓட்டத்தில் இந்த வகைக்கே ‘வெல்லரிசம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு இதில் புதுமை குறைவு. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.’ ‘எட்டாத பழம் புளிக்கும் என்றதாம் நரி.’ நம் பாட்டிகள் அத்தனை பேரும் சாம் வெல்லர்கள்தான். இன்னும் சொன்னால், ஆங்கிலம் ஒரு முழு ‘போல’வை வைத்துச் செய்கிற வேலையைத் தமிழ் ‘ஆம்’ என்ற ஓர் ஒட்டில் முடித்துவிடுகிறது. என்றாள் அல்ல, என்றாளாம். நான் கேட்கவில்லை, சொல்கிறார்கள், எனக்கென்ன தெரியும் என்ற கைகழுவல் முழுக்க அந்த ‘ஆம்’மில் இருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு. ‘ஆடத் தெரியாதவள்’ என்று தொடங்கும்போதே நமக்கு ஆளைக் காட்டிவிடுகிறார்கள்; கூற்றைக் கேட்கும்போது தயாராக இருக்கிறோம். இரட்டை அர்த்தத் தொடருக்கு அது ஆகாது. அங்கே கூற்று முதலில் வெள்ளையாக வந்துவிட வேண்டும். ஆள் பின்னால் வந்து, சொல்லி முடித்த வாக்கியத்தின் மேல் மையைக் கொட்ட வேண்டும். கேட்பவர் மனத்துக்குள் திரும்பி ஓடி, அதே வாக்கியத்தை வேறு கண்ணால் படிக்கிறார். ஆங்கிலச் சொற்றொடர் ஒழுங்கு இதற்கு வசதியானது. இன்னொரு வசதி ‘இட்’ என்ற அந்த ஒட்டாத பிரதிப்பெயர். பெட்டி, கதவு, மழை, எதையும் குறிக்கும். எதையும் குறிக்காமலும் நிற்கும். தமிழில் எழுவாயையே விழுங்கிவிடலாம் என்பதால் நமக்கும் ஓரளவு அந்த வசதி உண்டு.

பழைய அச்சில் இருந்த ஒன்று மட்டும் புதியதில் இல்லை: சந்தர்ப்பம். பசுவை முத்தமிட்டபோது, காசை விழுங்கியபோது என்ற பகுதி காணோம். பிஷப்பிடம் நடிகை எங்கே, எப்போது சொன்னாள்? தொடர் வாய் திறப்பதில்லை. கேட்பவரே கட்டிலைக் கொண்டுவந்து போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வெட்டுதான் ஒரு நாட்டுப்புறப் பழமொழி அச்சை மறைபொருள் கருவியாக மாற்றியது.

ஏன் இந்த இருவர்

விக்டோரியா காலத்திலிருந்தே ‘நடிகை’ என்றால் ஒழுக்கம் தளர்ந்தவள் என்பது ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் முன்முடிவு. எதிர்ப்பக்கம் பிஷப்: திருச்சபையின் உச்சி; 26 பிஷப்புகள் பதவி வழியாகவே பிரபுக்கள் சபையில் உட்காருகிறார்கள். இருவரையும் ஒரே வாக்கியத்தில் அமர்த்துவதே பாதி நகைச்சுவை. இன்னொன்றும் உண்டு. 1737 முதல் 1968 வரை இங்கிலாந்தில் நாடகப் பிரதிகள் லார்டு சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அனுமதி பெற்றுத்தான் மேடையேறின. நடிகை மேடையில் பேசும் வசனம் ஒவ்வொன்றும் அரசு முத்திரை பெற்றது. பிஷப்பிடம் தனியாக அவள் சொன்னதற்கு மட்டும் பிரதி இல்லை.

வெட்டத் தெரியாத கத்திரிக்கோல்

இந்த வகைப் பேச்சு தழைத்ததற்குத் தணிக்கைதான் உரம். 1940களின் இறுதியில் பிபிசி தன் நகைச்சுவை நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டிக் கையேடு அச்சிட்டுக் கொடுத்தது. பச்சைப் புத்தகம் என்று பெயர். கழிப்பறை பற்றிய நகைச்சுவை கூடாது. தேனிலவுத் தம்பதி, விடுதிப் பணிப்பெண், அத்தியிலை, பெண்களின் உள்ளாடை, முயல்களின் பழக்கவழக்கம், வாடகைக்குக் குடியிருப்பவர், ஊர் ஊராகச் செல்லும் விற்பனைப் பிரதிநிதி ஆகியவற்றைப் பற்றிய மறைமுகக் குறிப்புகள் கூடாது. முயலும் விற்பனைப் பிரதிநிதியும் ஒரே பட்டியலில் வருவதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பது எளிதில்லை. உள்ளாடைக்கு ஓர் எடுத்துக்காட்டையும் கையேடே தருகிறது: ‘குளிர்காலம் நெருங்குகிறது’ என்ற வாக்கியம். ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் ‘குளிர்கால உள்ளாடை போட்டாயிற்று’ என்று காதில் விழும். வானிலை அறிவிப்பைத் தடைசெய்ய வேண்டிய நிலைமைக்கு ஒரு நிறுவனம் வந்துவிட்டது.

ஏன் வந்தது? சொல்லைத் தடைசெய்யலாம், பொருளை எப்படித் தடைசெய்வது? பொருள் இருப்பது கேட்பவர் தலைக்குள். பழைய மேடைக் கலைஞர் மேக்ஸ் மில்லர் இதை அப்பட்டமாகவே பயன்படுத்தினார். பாட்டின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்துவார். எதுகையை வைத்து அரங்கமே அந்தச் சொல்லை ஊகித்துச் சிரிக்கும். உடனே அவர் அரங்கத்தைத் திட்டுவார்: உங்களைப் போன்றவர்களால்தான் எனக்குக் கெட்ட பெயர் என்று.

படமாக வரைந்தவர்கள் இவ்வளவு எளிதில் தப்பவில்லை. கடற்கரை ஊர்களில் விற்கும் குறும்பு அஞ்சலட்டைகளை வரைந்த டொனால்ட் மெகில் 1954இல், எண்பதை நெருங்கும் வயதில், லிங்கன் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். 1857ஆம் ஆண்டின் ஆபாசச் சட்டத்தின் கீழ் 50 பவுண்டு அபராதம், செலவுத்தொகை 25 பவுண்டு. அட்டையைச் சான்றாக மேசையில் வைக்க முடிந்தது. வாயால் ஒட்டப்பட்டுக் காற்றில் போகும் ஒரு வாலை யார் எங்கே வைப்பது?

தானே சொன்னவள்

இதுவரை வந்த பெண்கள் யாரும் எதையும் சொல்லவில்லை. நடிகை சொன்னதாக ஆண்கள் சொன்னார்கள். படைவீரனிடம் பெண் சொன்னதாக ஹிட்ச்காக் சொன்னார். இந்த வரலாற்றில் தன் வாயால் தானே சொன்னவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டுமானால் அமெரிக்காவின் மே வெஸ்ட்டைத்தான் காட்ட வேண்டும். தமக்கான வசனங்களைத் தாமே எழுதியவர். 1927இல் தம்முடைய நாடகம் ஒன்றுக்காக நியூயார்க்கில் பத்து நாள் சிறைத்தண்டனை பெற்று எட்டு நாள் உள்ளே இருந்தார். 1933இல் வந்த ‘ஷி டன் ஹிம் ராங்’ படத்தில் கேரி கிராண்ட்டைப் பார்த்து அவர் சொன்ன வரி உலகெங்கும் பரவியது. பரவும்போது சொற்கள் இடம் மாறிவிட்டன. படத்தில் அவர் சொல்வது ‘ஒருநாள் மேலே வந்து என்னைப் பாரேன்’ என்ற பொருளில், சற்றுச் சுற்றிவளைத்த ஒரு வாக்கியம். மக்கள் அதன் முனையைச் சீவி, தாளம் கூட்டி வைத்துக்கொண்டார்கள். அவர் வசனத்தில் அழுக்கான சொல்லே இல்லை; குரலின் இழுப்பில்தான் எல்லாம் இருந்தது.

1937 டிசம்பரில் ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஆதாம் ஏவாள் கதையில் ஏவாளாகப் பேசினார். எழுத்துப் பிரதியை முன்கூட்டியே படித்தவர்களுக்கு அதில் பெரிய குற்றம் தெரியவில்லை. ஒலிபரப்பான பிறகு எழுந்த கண்டனத்தில் என்பிசி நிலையங்கள் அவரை ஒதுக்கிவைத்தன. ‘அவள் அப்படித்தான் சொன்னாள்’ என்று ஆண்கள் சொன்னால் நகைச்சுவை. அவளே சொன்னால் தடை.

இடிக்கும் முழங்கை

சிரிப்பு திசை மாறிய நாளைக் கிட்டத்தட்டத் தேதியோடு சொல்லலாம். 1969 அக்டோபரில் பிபிசியில் ‘மான்ட்டி பைத்தான்’ குழுவின் ஒரு காட்சி. மதுக்கூடத்தில் எரிக் ஐடில், பக்கத்தில் அமர்ந்திருக்கும் டெர்ரி ஜோன்ஸை முழங்கையால் இடித்து இடித்துக் கேட்கிறார். உங்கள் மனைவி வெளியே போகிறவரா? விளையாட்டில் ஆர்வம் உண்டா? புகைப்படம் பிடிக்குமா? ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இடி, கண்சிமிட்டல், ‘மேற்கொண்டு சொல்லவே வேண்டாம்’ என்ற வால். எதிரில் இருப்பவர் நேர்மையாக, மனைவிக்குக் கிரிக்கெட் பிடிக்கும் என்ற ரீதியில் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். கடைசியில், ஒரு பெண்ணோடு படுத்திருக்கிறீர்களா என்று கேள்வி. ஆம் என்கிறார் அவர். ‘எப்படி இருக்கும்?’ என்று கேட்கிறார் இடித்தவர்.

ஐடில் இதை முதலில் ரோனி பார்க்கருக்காக எழுதியதாகவும், படித்துப் பார்த்த அவருக்கு இதில் என்ன நகைச்சுவை என்று பிடிபடவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பார்க்கர் தேர்ந்த நகைச்சுவை நடிகர். அவரைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் உண்மையிலேயே ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் காட்சிக்குப் பிறகு ஒரு விஷயம் வெளிச்சமாகிவிட்டது. இரட்டை அர்த்தம் பேசுகிறவன் எல்லாம் தெரிந்தவன் போல் தோன்றுவதே அவனுடைய வேடம். உள்ளே ஒன்றும் தெரியாத பையன் இருக்கக்கூடும். 1929இல் சிரிப்பு ஓண்ட்ராவின் பக்கம் விழுந்தது. நாற்பது ஆண்டு கழித்து அது சொன்னவன் மேலேயே விழுந்தது.

அலுவலகத்தில்

2001இல் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்டும் பிபிசிக்காக ‘தி ஆஃபீஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார்கள். ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித விற்பனை நிறுவனம். அதன் மேலாளர் டேவிட் பிரென்ட். தான் வேடிக்கையானவன், எல்லாருக்கும் நண்பன் என்று அவருக்கு நினைப்பு. நடிகையும் பிஷப்பும் அவர் வாயில் வருகிறார்கள். வந்ததும் அறையில் ஓர் அமைதி விழுகிறது. நகைச்சுவை அந்த அமைதியில் இருக்கிறது.

2005இல் அமெரிக்கா இந்தத் தொடரைத் தன்னுடையதாக்கிக்கொண்டபோது நடிகையும் பிஷப்பும் கப்பலேறவில்லை. அமெரிக்காவில் பிரபுக்கள் சபையும் இல்லை, அதில் பிஷப்புக்கு நாற்காலியும் இல்லை. ஆனால் அங்கே தயாராக இன்னொரு வால் இருந்தது. 1992இல் ‘வெய்ன்ஸ் வேர்ல்டு’ படத்தில், முடிந்ததா, பிடித்துக்கொண்டே நிற்கச் சலிப்பாக இருக்கிறது என்று ஒருவன் சொல்ல, ‘அவள் அப்படித்தான் சொன்னாள்’ என்கிறான் மற்றவன். நடிகை உதிர்ந்தாள், பிஷப் உதிர்ந்தார், படைவீரன் உதிர்ந்தான். மிச்சம் ஒரு பிரதிப்பெயரும் ஒரு வினையும். இனி எந்த வாக்கியத்துக்குப் பின்னாலும், எந்த வயதிலும், எந்த அறிவும் இல்லாமல் ஒட்டலாம்.

அமெரிக்க மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக நடித்த ஸ்டீவ் கேரல் இதை முதன்முதலில் சொன்ன அத்தியாயம் 2005 செப்டம்பர் 27 அன்று ஒளிபரப்பானது. அத்தியாயத்தின் தலைப்பே ‘பாலியல் துன்புறுத்தல்’. தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் இனி இத்தகைய பேச்சு கூடாது என்று மேலாளருக்குச் சொல்கிறார்கள். அவரும் நிறுத்திவிடுவதாக வாக்களிக்கிறார். ‘இது மிகவும் கடினமாயிற்றே, நாள் முழுக்கத் தாக்குப்பிடிப்பீர்களா?’ என்று கீழே வேலை செய்யும் ஜிம் அப்பாவி முகத்தோடு தூண்டில் போடுகிறார். மேலாளர் துடிக்கிறார், பிறகு வெடித்துவிடுகிறார். எல்ஸ்ட்ரீயில் ஊழியரின் மேல் வீசப்பட்ட அதே வால்தான். இப்போது ஊழியர் தூண்டில் பிடிக்கிறார், முதலாளி மாட்டுகிறார். நான் முன்பு உறுத்தல் என்று சொன்ன மூன்றாவது விஷயம், 76 ஆண்டு கழித்து, அலுவலக விதிமுறையாக மேசைமேல் வந்துவிட்டது.

2007இல் வந்த இன்னோர் அத்தியாயம் இதைவிடக் கூர்மையானது. நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்த முன்னாள் பெண் மேலதிகாரிக்காக மைக்கேல் வாக்குமூலம் கொடுக்கிறார். “முழு நேரமும் நேரடியாக அவருக்குக் கீழேதான் இருந்தீர்களா?” என்று வழக்கறிஞர் கேட்கிறார். “அவள் அப்படித்தான் சொன்னாள்.” வழக்கறிஞருக்குப் புரியவில்லை. அவர் அப்படிச் சொன்னாரா, எப்போது சொன்னார் என்று குடைகிறார். குழப்பம் முற்றி, சுருக்கெழுத்தாளர் தட்டிய பதிவை முதலிலிருந்து படிக்கச் சொல்கிறார்கள். உணர்ச்சியில்லாத குரலில் அந்த அம்மையார் வாலையும் சேர்த்துப் படிக்கிறார். சட்டத்தின் காதில் அது நகைச்சுவை இல்லை. மூன்றாம் நபர் சொன்னதாக ஒரு சாட்சியம்.

இதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, இந்த வகைப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘இன்யுவெண்டோ’ என்ற பெயரே நீதிமன்றத்தில் வளர்ந்ததுதான். லத்தீனில் ‘தலையசைத்துக் குறிப்புக் காட்டுவதன் மூலம்’ என்று பொருள். பழைய அவதூறு வழக்குகளின் மனுவில், ‘அவன் ஒரு திருடன்’ என்று எதிரி சொன்னதை எழுதிவிட்டு, ‘அவன்’ என்பது யாரைக் குறிக்கிறது என்று விளக்க இடையில் இந்தச் சொல்லைச் செருகுவார்கள். அதாவது ‘அவன்’ யார் என்று சொல்ல வந்த சொல் அது. ‘அவள்’ யார் என்று சொல்லவே முடியாத ஒரு தொடருக்கு அது பெயராகிவிட்டது.

2011இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வாளர்கள் இருவர், எந்த வாக்கியத்துக்குப் பின்னால் இந்த வாலை ஒட்டலாம் என்று கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை எழுதி ஆய்வு மாநாட்டில் அளித்தார்கள். மறைபொருள் ஏற்கக்கூடிய பெயர்ச்சொற்கள் உள்ளனவா, வாக்கியத்தின் அமைப்பு காமக் கதைகளில் வரும் அமைப்பை ஒத்திருக்கிறதா என்று நிரல் பார்க்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டீவியன்ட். ‘நெறி பிறழ்ந்தவர்’ என்று பொருள். நடிகையையும் பிஷப்பையும் வைத்து இப்படி ஒரு நிரலை எழுத யாருக்கும் தோன்றியிருக்காது. ஆட்கள் இருந்தவரை தொடரில் கொஞ்சம் கதை இருந்தது. ஆட்கள் போனதும் அது இயந்திரத்துக்கும் எட்டுகிற வேலையாகிவிட்டது.

2013இல் அமெரிக்க ‘தி ஆஃபீஸ்’ முடிந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே விலகிச் சென்றிருந்த மைக்கேல் திரும்பி வந்து, பழைய சகாவின் திருமணத்தில் இதை ஒருமுறை சொல்லிவிட்டுப் போகிறார். ரசிகர்களுக்கு அது விருந்து. எனக்கு அதைவிடப் பிடித்தது 2011 ஏப்ரலில் அவர் விடைபெறும் அத்தியாயம். அதற்கு எல்ஸ்ட்ரீ சோதனையின் முடிவைத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஒலிச்சோதனையில் ஓண்ட்ரா தேறவில்லை. லண்டன் கடைக்காரரின் மகளாக நடிக்க வேண்டியவர் வாயில் அயல்நாட்டு உச்சரிப்பு இருந்தது. பிறகு குரல் சேர்க்கும் தொழில்நுட்பம் அப்போது இல்லை. அதனால் ஜோன் பேரி என்ற ஆங்கில நடிகையைச் சட்டகத்துக்கு வெளியே ஒலிவாங்கியோடு நிறுத்தினார்கள். ஓண்ட்ரா உதட்டை மட்டும் அசைக்க, பேரி பேசினார்.

விமான நிலையத்தில் மைக்கேல், இத்தனை ஆண்டுகள் தன்னைப் படமெடுத்த குழுவிடம் விடைபெறுகிறார். சட்டையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றிக்கொண்டே, இதை நெஞ்சிலிருந்து இறக்கி வைத்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்கிறார். கழற்றிக் கையில் கொடுக்கிறார். அதன் பிறகு ஒலி இல்லை; அவருடைய உதடுகள் மட்டும் அசைகின்றன. அந்த இடத்தில் குரல் கொடுக்க ஒரு ஜோன் பேரி தேவைப்படவில்லை.